தயவுசெய்து ஒப்பிட்டுப் பார்க்கவும்

சின்னத்தாயியின் முகம் சின்னத்தாயியின் முகம்தான் என்று ஒப்புக்கொள்ள ஹெப்பகோடி தொழிற்சாலையின் வாசல் மெஷின் ஒருநாள் காலையில் மறுத்துவிட்டது.

சுவரில் பதித்த சின்ன மெஷின்தான் அது. அதன் முன்னால் போய் நின்றால் முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுகொண்டு, இனிமையான பெண்குரலில் ‘தேங்க் யூ’ என்று சொல்லும். கதவு திறக்கும். ஆள் பிடிபடாவிட்டால் அதே இனிமையோடு ‘ட்ரை அகெய்ன்’ என்று சொல்லும். அன்றைக்குச் சின்னத்தாயியிடம் அது ‘ட்ரை அகெய்ன்’ சொல்லிக்கொண்டே இருந்தது. முக்காட்டை எடுத்துப் பார்த்தாள். பொட்டைச் சரிசெய்து பார்த்தாள். சிரித்துக்கூடப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டது.

லைன் சூப்பர்வைசர் மமதா வந்து அவளைத் தள்ளி நிறுத்தி உற்றுப் பார்த்தாள். மமதா கன்னடக்காரி, ஆனால் தமிழ்ப் பெண்களை வேலை வாங்கி வாங்கித் தமிழ் பழகியவள்.

“ஏன்ரீ சின்னத்தாயி, மூஞ்சி ஒரு சைடு தூக்கிக்கிட்டு இருக்கே? மெஷின் மேல என்ன தப்பு? எனக்கே அடையாளம் தெரியலை.”

இடது தாடையில் ஒரு வீக்கம் இருப்பது சின்னத்தாயிக்குத் தெரியாததல்ல. வலி இல்லாததால் விட்டுவைத்திருந்தாள். வீட்டில் அவள் புருஷன் அப்பாதுரை, ஆட்டோ ஓட்டுகிறவர், “இன்னாமே இது, வெத்தலபாக்கு அதக்கி வெச்ச மாரி கீது” என்று போன பொங்கலுக்கே சொல்லியிருந்தார். அவர்கள் கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வலிக்காத ஒன்றுக்கு வைத்தியரிடம் போகிற பழக்கம் அந்த வம்சத்தில் யாருக்கும் கிடையாது.

மமதா அன்றைக்குத் தன் கையாலேயே அவள் வருகையைப் பதிந்துவிட்டாள். மறுநாளும் பதிந்தாள். பிறகு ஆபீஸில் கேட்டார்கள். முகம் மாறியதற்குக் காரணமான நோயின் பெயரை எழுதி, டாக்டர் கையெழுத்தோடு சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். பெயர் இருக்க வேண்டும். ‘வீக்கம்’ என்று எழுதினால் செல்லாது. தீபாவளிவரை கையால் பதியலாம். அதற்குப் பிறகு மெஷினுக்குத் தெரியாத முகம் கம்பெனிக்கும் தெரியாது.

ஆக, ஒரு பெயர் வேண்டும். சின்னத்தாயி பெயர் வாங்கப் புறப்பட்டாள்.

தொம்மலூருக்கு அப்பால் முகமங்களா பல் மருத்துவக் கல்லூரி என்று ஒன்று இருந்தது. வாசலில் பளிங்குக் கல்லில் பெரிய பல் ஒன்று செதுக்கி, அதற்குத் தினமும் மாலை போட்டிருந்தார்கள். இவ்வளவு பக்தியாக இருக்கிறார்களே என்று சின்னத்தாயிக்கு மனம் இளகிவிட்டது. பல்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அறுவைத்துறைத் தலைவர் டாக்டர் நாகேஷ் அவளை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை இழுத்து உள்ளே பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, “எல்லாரையும் கூப்பிடுங்க” என்றார். வெள்ளைக் கோட்டு மாணவர்கள் திமுதிமுவென்று வந்தார்கள். ஒவ்வொருவராகக் கட்டைவிரலால் தாடையை அழுத்தி, ஆளுக்கொரு ஆங்கில வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். சந்தையில் எல்லோரும் அழுத்திப் பார்த்து, யாரும் வாங்காமல் போகிற கத்திரிக்காயின் நிலைமை அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது.

“பயப்படாதீங்க அம்மா,” என்றார் டாக்டர் நாகேஷ். “கேன்சர் இல்லை. சாதுவான கட்டி.”

“எடுத்துடலாங்களா சார்?”

“எடுக்கலாம். எடுக்காமலும் இருக்கலாம். கொஞ்சமா செதுக்கலாம். காத்திருந்தும் பார்க்கலாம்.”

“இதுல எது சார் எனக்கு?”

“அதுக்குத்தான் பேரு தெரியணும். பேரு தெரியாம கை வைக்கறது நம்ம காலேஜ் பண்பாடு இல்லை.”

எக்ஸ்ரே படம் எடுக்க மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். தாடையிலிருந்து துளி சதையும் எலும்பும் கிள்ளிச் சோதனைக்கு நிலவறைக்கு அனுப்பினார்கள். லிஃப்ட் டாக்டர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்ததால் சின்னத்தாயி படியேறி இறங்கினாள்.

மூன்றாம் மாடியில் படத்துறைத் தலைவி டாக்டர் ஸ்ரீரஞ்சனி தாடையின் படத்தை நீண்டநேரம் பார்த்து ஒரு பக்க அளவுக்கு அறிக்கை எழுதினார். அதன் கடைசி வரி: ‘தயவுசெய்து நுண்ணோக்கி முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.’

நிலவறையில் திசுத்துறைத் தலைவர் டாக்டர் கிஷோர் அந்தச் சதைத்துளியைப் பதித்த கண்ணாடிச் சில்லை மைக்ராஸ்கோப்பில் நீண்டநேரம் பார்த்து, அவரும் ஒரு பக்கம் எழுதினார். அதன் கடைசி வரி: ‘தயவுசெய்து படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.’

இரண்டையும் வாங்கிப் படித்த டாக்டர் நாகேஷ் திருப்தியோடு தலையசைத்து, கீழே தன் கையால் எழுதினார்: ‘இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.’

யார் பார்க்க வேண்டும் என்று மூவரும் எழுதவில்லை.

வராந்தா பெஞ்சில் அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு சின்னத்தாயி விழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஷ்லி என்று பெயர். மேற்படிப்பின் கடைசி வருஷம். லிங்கராஜபுரத்துப் பெண். முதல் நாளன்று தாடையை அழுத்தியவர்களில் இவள் ஒருத்திதான் அழுத்துமுன் “வலிச்சா சொல்லுங்க அக்கா” என்று சொன்னவள்.

“உங்களுக்கு யாராவது வெவரம் சொன்னாங்களாக்கா?”

“சாதுன்னு சொன்னாங்க. மத்தது ஒண்ணும் தெரியலம்மா.”

“ரெண்டு வகை கட்டி இருக்கு. ஒண்ணு, எலும்போட எலும்பா கலந்துபோயிடும். எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு தெரியாது. அதை முழுசா எடுக்க முடியாது. வளர்றது நிக்கட்டும்னு காத்திருந்து, மேலாப்புல செதுக்கிவிடுவாங்க. இன்னொண்ணு தனியா, தன் வேலிக்குள்ள இருக்கும். தோண்டி எடுத்துட்டா முடிஞ்சுது.”

“எனக்கு எது?”

“மைக்ராஸ்கோப்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். எலும்புத் துணுக்கும் நாரும். வேலி இருக்கா இல்லையான்னு படத்துலதான் தெரியும். ஆனா படத்தை மட்டும் நம்பவும் முடியாது, அதே மாதிரி தெரியற வேற கட்டிகளும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா...” ஆஷ்லி நிறுத்திக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“வெச்சுப் பார்த்தா?”

“அது இங்க வழக்கம் இல்லைக்கா.”

உண்மைதான். முன்பொரு சமயம் நிலவறைக்குப் போன படம் ஒன்று காப்பிக் கறையோடு திரும்பி வந்தது. பதிலுக்கு மூன்றாம் மாடிக்குப் போன சில்லு ஒன்று இரண்டாக உடைந்து வந்தது. அதற்கும் முன்னால், இரு துறைத் தலைவர்களும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று ஒரு சின்ன மனத்தாங்கல். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. படம் மூன்றாம் மாடியை விட்டு இறங்கக் கூடாது, சில்லு நிலவறையை விட்டு ஏறக் கூடாது என்று இரண்டு சுற்றறிக்கைகள் கண்ணாடிச் சட்டம் போட்டு இரண்டு இடத்திலும் தொங்கின. இரண்டு இடத்துக்கும் போய்வர அனுமதி உள்ள பொருள் சின்னத்தாயியின் தாடை ஒன்றுதான்.

ஆகவே தாடை போய்வந்தது.

“மேல போய்க் கேளும்மா,” என்பார் டாக்டர் கிஷோர். “ஓரம் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லச் சொல்லு. அவங்களுக்கு ஒரு வார்த்தையில பேசி வழக்கமில்லை, இருந்தாலும் கேளு.”

சின்னத்தாயி படியேறுவாள்.

“ஓரம் இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு,” என்பார் டாக்டர் ஸ்ரீரஞ்சனி. “அவர் முதல்ல சில்லுல என்னன்னு தைரியமா சொல்லட்டும். அப்புறம் நான் ஓரத்தைச் சொல்றேன். தைரியமான்னு சொன்னேன்னு மறக்காம சொல்லு.”

“மேடம், இதைப் போன்லயே பேசிக்கலாமே? எனக்குப் படி ஏறினா தாடை திம்முதிம்முன்னு வருது.”

டாக்டர் ஸ்ரீரஞ்சனி மனம் நொந்து அவளைப் பார்த்தார். “இங்க நாங்க பேஷண்ட்டை நேர்ல வெச்சுத்தான் சேவை பண்றோம்மா. போன்ல வைத்தியம் பாக்கற எடம் இல்லை இது.”

இப்படியே மாதங்கள் போயின. சாதுவான கட்டி சாதுவாக வளர்ந்தது. இடப்பக்கத்துப் பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. சின்னத்தாயி சோற்றை விட்டுக் கஞ்சிக்கு வந்தாள். பன்னை டீயில் ஊறவைத்து விழுங்கினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்தார்கள். காலையில் தொழிற்சாலை வாசலில் மெஷின் ‘ட்ரை அகெய்ன்’ என்று சொல்லும். மமதா பேனாவை எடுப்பாள். மேனேஜர் இரண்டு தடவை மமதாவைக் கூப்பிட்டுக் கண்டித்ததைச் சின்னத்தாயி வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

ஆடி முடிந்ததும் ஒரு நல்ல சேதி வந்தது. கல்லூரியில் கட்டி நோய்களைப் பற்றிப் பேச மாதம் ஒருமுறை கூடுகிற கட்டிச் சபையில் அவள் விஷயம் எடுத்துக்கொள்ளப்படும். எல்லாத் துறைத் தலைவர்களும் ஒரே மேடையில் இருப்பார்கள்.

“ஒரே மேடையிலயா?” என்று கேட்டு அப்பாதுரை அன்றைக்குச் சவாரியை விட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

சின்னத்தாயியை மேடையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில், இடது தாடை சபையைப் பார்க்கும்படி உட்கார வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஃபேன் காற்றில் அணைந்தது. ஃபேனை நிறுத்தி மறுபடி ஏற்றினார்கள். துறைத் தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் மைசூர்த் தலைப்பாகையும் சந்தன மாலையும் சால்வையும் சாத்தினார்கள். முதல்வருக்கு வந்த பூங்கொத்துகளை வைக்க இடமில்லாமல் சின்னத்தாயியின் கையில் கொடுத்தார்கள். அவள் பூங்கொத்துகளுக்குப் பின்னால் மறைந்துபோனாள். படம் பிடிக்க வந்தவர், “அம்மா, பூவைக் கொஞ்சம் இறக்குங்க, கட்டி தெரியலை” என்றார்.

பிறகு முதல்வர் பேசினார். அவர் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பேசியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“மற்ற ஆஸ்பத்திரிகளில் ஒரு நோயாளியை ஒரே டாக்டர் பார்த்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அங்கே அக்கறை இல்லை. இங்கே எல்லாத் துறைகளும் பார்க்கின்றன. அனுப்புவதே இல்லை. இந்த அம்மாள் நம்மிடம் வந்தபோது இவருடைய கட்டி நெல்லிக்காய் அளவு. இன்று எலுமிச்சம்பழம். நம் கல்லூரி வளர்ந்த வேகத்துக்கு இது ஓர் அடையாளம். சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: ஏன் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று. முடிவுக்கு வந்துவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும் அல்லவா? அறிவு என்பது முடியாதது. இந்தத் தாடை நம் கல்லூரியின் சொத்து.”

கைதட்டல் எழுந்தது. கைகளில் பூங்கொத்து இருந்ததால் சின்னத்தாயியால் தட்ட முடியவில்லை.

அடுத்து டாக்டர் கிஷோர் ஐந்து நிமிஷம் மைக்ராஸ்கோப்பின் பெருமையைப் பேசி, படம் கிடைத்தால் கருத்துச் சொல்வதாக முடித்தார். டாக்டர் ஸ்ரீரஞ்சனி படங்களின் பெருமையைப் பேசி, சில்லு முடிவு கிடைத்தால் கருத்துச் சொல்வதாக முடித்தார். நன்றியுரையில் பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் தலைப்பாகைக் கடைக்காரருக்கும் நன்றி சொன்னார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. சின்னத்தாயியின் விஷயம் அடுத்த சபைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

“அவ்ளோதானா?” என்றார் அப்பாதுரை.

“சாப்டுட்டுப் போங்க,” என்றார்கள்.

சாப்பாடு தடபுடலாக இருந்தது. சப்பாத்தி, வடை, முறுக்கு, ஒப்பட்டு என்கிற போளி. மெல்ல முடியாத ஒருத்தியின் பெயரால் கூடிய சபையில், மெல்ல வேண்டியதாகவே பார்த்துச் சமைத்திருந்தார்கள். சின்னத்தாயி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஷ்லி எங்கிருந்தோ ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். தயிர்சாதம். கரண்டியால் கூழாக மசித்திருந்தாள்.

“நல்லா மசிச்சிருக்கேன்க்கா. கட்டியே இல்லை, பாருங்க.”

அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு நடந்த ஒரே வைத்தியம் அதுதான்.

இதற்கு மேல் பொறுக்கக் கூடாது என்று மறுநாள் புருஷனும் பெண்டாட்டியுமாக டாக்டர் நாகேஷ் எதிரில் போய் நின்றார்கள். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எடுத்துவிடுங்கள், தீபாவளிக்குள் முகம் பழையபடி ஆகவேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றாள் சின்னத்தாயி.

டாக்டர் நாகேஷ் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருப்பதற்குக்கூட அங்கே ஒரு துறை வேண்டியிருந்தது. அவர் கனிவாகச் சொன்னார்: “பரீட்சை வருது அம்மா. வெளியூர்லேர்ந்து எக்ஸாமினர் வர்றாங்க. இந்த மாதிரி கேஸ் கிடைக்கிறது கஷ்டம். இப்ப எடுத்துட்டா பசங்களுக்கு என்னத்தைக் காட்டறது? கொஞ்சம் பொறுத்துக்குங்க. நீங்க ரொம்ப நல்ல கேஸ்.”

அவளை நல்லவள் என்று அந்தக் கட்டடத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் பொறுத்துக்கொண்டாள்.

பரீட்சை நாளில் சின்னத்தாயியைக் கட்டிலில் உட்கார வைத்து, மாணவர்களை ஒவ்வொருவராக விட்டார்கள். எதிரே மூன்று துறைத் தலைவர்களும் வெளியூர் எக்ஸாமினரும். டாக்டர் ஸ்ரீரஞ்சனி கேட்டால் மாணவர்கள் ஒரு பெயரைச் சொன்னார்கள். டாக்டர் கிஷோர் கேட்டால் மற்றதைச் சொன்னார்கள். கெட்டிக்காரன் ஒருவன் இருவருக்கும் நடுவில் தலையைத் திருப்பித் திருப்பி இரண்டையும் சொன்னான். அவனுக்குத்தான் முதல் மதிப்பெண்.

கடைசியில் ஆஷ்லி வந்தாள். மற்றவர்களைப் போல உடனே தாடையில் கை வைக்கவில்லை. “காலையில ஏதாவது சாப்ட்டீங்களாக்கா?” என்று கேட்டாள். எக்ஸாமினர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“டயக்னோஸிஸ் என்ன?” என்றார் டாக்டர் கிஷோர்.

“படத்தையும் சில்லையும் ஒரே மேஜையில வெச்சுப் பார்த்தாத்தான் சார் சொல்ல முடியும். நான் ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு எடத்துலயும் விடலை.”

“அப்போ உனக்குத் தெரியாது.”

ஆஷ்லி சின்னத்தாயியைப் பார்த்தாள். பிறகு, “நம்ம யாருக்கும் தெரியாது சார்,” என்றாள்.

டாக்டர் ஸ்ரீரஞ்சனியும் டாக்டர் கிஷோரும் பல வருஷத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். ஒரு விஷயத்தில் முதல் முறையாக ஒத்துப்போனார்கள். ஆஷ்லி ஃபெயில். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினார்கள்: ‘மாணவிக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் திறன் போதாது.’

பரீட்சை முடிந்தது, இனி எடுத்துவிடுவார்கள் என்று நம்பிப் போன சின்னத்தாயியிடம் டாக்டர் நாகேஷ் ஒரு வழவழப்பான அழைப்பிதழைக் காட்டினார். அகில இந்தியத் தாடை மாநாடு, ஜனவரியில். அட்டையில் அவள் தாடை வண்ணத்தில் அச்சாகியிருந்தது.

“மாநாடு முடியட்டும் அம்மா. நீங்கதான் ஸ்பெஷல் கெஸ்ட்.”

தீபாவளிக்கு நாள் அதிகமில்லை. சின்னத்தாயி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆஷ்லி வந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது; கையில் துணிப்பையில் புத்தகங்கள்.

“அக்கா, இதை நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னை அடுத்த பரீட்சைக்கும் விடமாட்டாங்க. இருந்தாலும் சொல்றேன். லிங்கராஜபுரத்துல எங்க சர்ச்சுக்குப் பின்னாடி சிஸ்டர்ஸ் நடத்தற சின்ன ஆஸ்பத்திரி இருக்கு. வியாழக்கெழமை டாக்டர் மேரி வருவாங்க. போய்ப் பாருங்க.”

அப்பாதுரைக்கு மனசே இல்லை. “இன்னாமே, இம்மாம் பெரிய எடத்துல முடியாதது, சந்துல கீற ஆஸ்பத்திரியில முடிஞ்சிடுமா?”

“எனக்குச் சோறு மசிச்சிக் குடுத்த பொண்ணுய்யா அது,” என்றாள் சின்னத்தாயி. “அது தப்பான எடத்துக்கு அனுப்பாது. வண்டிய எடு.”

படித்தவர்கள் இதை ஆதாரமாக ஏற்கமாட்டார்கள். அன்றைக்கு அவளிடம் வேறு ஆதாரம் எதுவும் இல்லை. அதுவே போதுமானதாகவும் இருந்தது.

லிங்கராஜபுரத்து ஆஸ்பத்திரியில் பளிங்குப் பல் இல்லை. பேக்கரிக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒரு பச்சைக் கேட், உள்ளே ஒரு கொய்யா மரம், சில அறைகள். டாக்டர் மேரி நரைத்த தலையோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் வாயைப் பார்த்தார்.

“எடுத்த படம் எங்கம்மா?”

“அது மூணாவது மாடிய விட்டு எறங்காதுங்க.”

“சோதனைச் சில்லு?”

“அது கீழேர்ந்து ஏறாதுங்க.”

டாக்டர் மேரி ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். ஜபமா கோபமா என்று தெரியவில்லை. “சரி. இன்னொரு தடவை எடுத்துக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு,” என்றார்.

அடுத்த வியாழக்கிழமை சின்னத்தாயி போனபோது டாக்டர் மேரியின் எதிரில் ஒரு வயதானவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். டாக்டர் கார்த்திகேசன், சில்லு பார்க்கிறவர். தனக்கென்று ஓர் அறையும் மேஜையும் வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டு வருகிறாராம். சிஸ்டர்களிடம் இடம் இல்லை. அதனால் இருவருக்கும் ஒரே மேஜை. அவருடைய மைக்ராஸ்கோப், டாக்டர் மேரியின் விளக்குப்பெட்டி, அதில் செருகிய தாடைப் படம், நடுவில் இரண்டு டம்ளர் டீ.

“மேரி, முழங்கையை நகத்துங்க. ஆடுது.”

“நீங்க டம்ளரை நகத்துங்க. இதோ பாருங்க, ஓரம். மெல்லிசா வெள்ளைக் கோடு, சுத்திவர.”

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தார். டாக்டர் மேரி எழுந்து குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

“எலும்புத் துணுக்கு, நாரு. வேற வில்லங்கம் எதுவும் இல்லை,” என்றார் அவர்.

“அப்போ?”

“அப்போ அதுதான். ஆசிஃபையிங் ஃபைப்ரோமா. தனிக்கட்டி. தோண்டி எடுத்துடுங்க.”

அவர்களுடைய டீ இன்னும் ஆறவில்லை.

சின்னத்தாயி திகைத்துப்போய் நின்றாள். “அவ்ளோதாங்களா?”

“அவ்ளோதான்மா. ஏன்?”

ஆண்டவன் தாடையைத் துறை பிரித்துப் படைக்கவில்லை. படமும் சில்லும் ஒரே எலும்பிலிருந்து வந்தவை. அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள ஒரு மேஜை போதும். அந்தக் கன்னியாஸ்திரிகளின் இடநெருக்கடியில் தெய்வம் இருந்தது.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் ஒரு சிஸ்டர் அவள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். சின்னத்தாயி தன் அம்மனை வேண்டிக்கொண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யவில்லை. பலாச்சுளையைப் பிதுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வருவதுபோல் கட்டி முழுசாக வந்துவிட்டது என்று டாக்டர் மேரி பிறகு சொன்னார். கண் விழித்தபோது பக்கத்தில் ஆஷ்லி உட்கார்ந்திருந்தாள். கையில் கிண்ணம்.

கல்லூரியிலிருந்து போன் வந்தது.

“அம்மா, மாநாட்டுக்கு ஒரு ஒத்திகை இருக்கு. நாளைக்கு வந்துடுங்க,” என்றார் டாக்டர் நாகேஷ்.

“கட்டிய எடுத்தாச்சு சார்.”

“எடுத்தாச்சா? யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“என் தாடை சார் அது.”

“தாடை உங்களுது அம்மா. கேஸ் எங்களுது,” என்றார் டாக்டர் நாகேஷ். “அட்டையெல்லாம் அச்சடிச்சாச்சே.”

கட்டி காணாமல் போனதைப் பற்றி விசாரிக்க முதல்வர் ஒரு குழு அமைத்தார். குழுவுக்குத் தலைப்பாகை சாத்தப்பட்டது. எடுத்த கட்டியையாவது திருப்பிக் கொடுக்கும்படி லிங்கராஜபுரத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சிஸ்டர்கள் அவருக்கு டீ கொடுத்து அனுப்பினார்கள். ஜனவரியில் மாநாடு குறித்தபடி நடந்தது. படத்தை ஒரு திரையிலும் சில்லை வேறொரு கூடத்தில் வேறொரு திரையிலும் காட்டினார்கள். நோயாளி என்ன ஆனார் என்று யாரோ கேட்டதற்கு, சிகிச்சைக்கு ஒத்துழைக்காமல் போய்விட்டார் என்று பதில் சொன்னார்கள். ஆஷ்லி அடுத்த பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமைகளில் அந்த மேஜையின் ஓரத்தில் அவளுக்கும் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். டம்ளர்கள் இப்போது மூன்று.

ஆனால் இவையெல்லாம் பிற்பாடு. தீபாவளிக்கு முந்தின நாள் சின்னத்தாயி, நோயின் பெயர் எழுதிய சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். கன்னத்தில் இன்னும் லேசாக வீக்கம் இருந்தது. மமதா வழக்கம்போல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“முதல்ல அதுகிட்ட நில்லு. பார்க்கலாம்.”

சின்னத்தாயி நின்றாள். மெஷின் யோசித்தது.

‘ட்ரை அகெய்ன்.’

மமதாவின் முகம் வாடியது. சின்னத்தாயி முக்காட்டைக் கழுத்துக்கு இறக்கி, தலையை நிமிர்த்தி, மறுபடி நின்றாள். மெஷின் பச்சையாக மினுக்கியது.

‘தேங்க் யூ.’

கதவு திறந்தது. மமதா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கண்ணைத் துடைப்பது தெரியாமலிருக்க வேறு பக்கம் திரும்பி, “நட நட, லைன் ஆரம்பிச்சாச்சு!” என்று அதட்டினாள்.

சின்னத்தாயி உடனே நகரவில்லை. இந்தத் தாடையை அழுத்திப் பார்த்துப் பிள்ளைகள் பட்டம் வாங்கினார்கள். பெரியவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டார்கள், மாநாட்டுக்கு அட்டை போட்டார்கள். இத்தனைக்கும் அவளிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னது சுவரில் பதித்த இந்த மெஷின் ஒன்றுதான்.

“இருக்கட்டும்மா,” என்று அதனிடம் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.